கதிர்முனைக்கு அடியில் நிற்கும் எண்: 1489631109120000-ஐக் கைக்கணக்காகப் பிரித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஐயா காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டுக் கணக்குப்பிள்ளை. பகல் முழுக்கக் குறிப்பேட்டில் விழுந்த வரவு செலவைச் சாயங்காலம் பேரேட்டில் ஏற்றுவார். ஐந்தொகை போடும் நாளில் வீட்டில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்க மாட்டோம். “இம்மி பிசகக் கூடாது” என்பார். இம்மி என்றால் ஏதோ துளியூண்டு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது ஒரு திட்டமான பின்னம், ஒன்றை 2150400 கூறாக்கினால் வரும் ஒரு கூறு என்று தெரிந்தபோது எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது.

இம்மிக்குக் கீழேயும் நம் ஆட்கள் பெயர் வைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். மும்மி, அணு, குணம், பந்தம், பாகம், விந்தம், நாகவிந்தம், சிந்தை, கதிர்முனை என்று அந்த வரிசை நீள்கிறது. கதிர்முனை என்பது 1/1489631109120000. அந்தப் பின்னத்தின் கீழே இருக்கும் பதினாறு இலக்க எண்ணைத்தான் இந்த வழிகாட்டியில் எடுத்துக்கொள்ளப் போகிறோம். அதன் பகாக் காரணிகள், வகுத்திகளின் (அதை மீதியில்லாமல் வகுக்கும் எண்களின்) எண்ணிக்கை, வகுத்திகளின் கூட்டல், அதற்குள் எந்த எண்ணின் அடுக்கு இருக்கிறது, எழுதும்போது பிழை விழுந்தால் எப்படிப் பிடிப்பது எல்லாம் பார்ப்போம்.

கோடு போட்ட நோட்டு ஒன்று, பென்சில், 17 வரை வாய்ப்பாடு, ஒரு மணி நேரம். இவ்வளவு போதும். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகன், “மாமா, கம்ப்யூட்டர் இல்லாம இதை யாரு உடைப்பா?” என்று கேட்டுவிட்டு அன்றைக்கே உடைத்தான்.

படி 1: வாய்விட்டுப் படியுங்கள்

பெரிய எண்ணைக் கண்ணால் மட்டும் பார்த்தால் மனதில் நிற்காது. நம் முறைப்படி காற்புள்ளி போடுங்கள்: 1,48,96,31,10,91,20,000. வலப்பக்க ஏழு இலக்கங்களைத் தனியே எடுத்தால் 91 லட்சத்து 20 ஆயிரம். மீதி 148963110 கோடி. ஆக, பதினான்கு கோடியே எண்பத்தொன்பது லட்சத்து அறுபத்து மூவாயிரத்து நூற்றுப் பத்துக் கோடியே தொண்ணூற்றொரு லட்சத்து இருபதாயிரம். ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டால் அப்புறம் எங்கே எந்த இலக்கம் என்பதில் குழப்பம் வராது.

படி 2: எண் பிறந்த கதையை எழுதுங்கள்

இந்த எண் ஒரே தாவலில் வந்ததில்லை. படிப்படியாகப் பெருகி வந்தது. அந்தப் படிகளை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

தொடக்கம் முந்திரி, அதாவது 1/320. மா 1/20, காணி 1/80 என்று கணக்கில் புழங்கிய பின்னங்களுக்கு அடியில் இருப்பது. முந்திரியில் ஒரு முந்திரி பாகம் எடுத்தால் கீழ்முந்திரி. 320 × 320 = 102400, ஆகவே அது 1/102400. அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வரிசை இது:

கீழ்முந்திரியை 21 ஆக்கினால் இம்மி, 2150400
இம்மியை 11 ஆக்கினால் மும்மி, 23654400
மும்மியை 7 ஆக்கினால் அணு, 165580800
அணுவை 9 ஆக்கினால் குணம், 1490227200
குணத்தை 5 ஆக்கினால் பந்தம், 7451136000
பந்தத்தை 6 ஆக்கினால் பாகம், 44706816000
பாகத்தை 7 ஆக்கினால் விந்தம், 312947712000
விந்தத்தை 17 ஆக்கினால் நாகவிந்தம், 5320111104000
நாகவிந்தத்தை 14 ஆக்கினால் சிந்தை, 74481555456000
சிந்தையை 20 ஆக்கினால் கதிர்முனை, 1489631109120000

ஒவ்வொரு வரியையும் நீங்களே பெருக்கிப் பாருங்கள். நான் போட்டதை நம்பி நகர வேண்டாம். இந்தப் பத்துப் பெருக்கலைப் போட்டவர்களுக்கு அடுத்து வரும் படிகள் சொந்த வீட்டு முற்றம் போல இருக்கும்.

படி 3: காவலுக்கு இரண்டு பேர்

இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். ஒரு சமயம் எனக்குக் கிடைத்த பட்டியலில் கதிர்முனைக்கு நேரே 489631109120000 என்று இருந்தது. முதலில் நிற்க வேண்டிய 1 விழுந்துவிட்டது. பதினைந்து இலக்கத்துக்கும் பதினாறு இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கணக்குக்குத் தெரியும்.

முதல் காவல், 9. இலக்கங்களைக் கூட்டுங்கள்: 1+4+8+9+6+3+1+1+0+9+1+2 = 45. 45 ஒன்பதால் வகுபடும், ஆகவே எண்ணும் வகுபடும். படி 2-இல் குணத்தை எட்டும்போதே 9-ஆல் பெருக்கியிருக்கிறோம். அதற்குக் கீழே வரும் எல்லா எண்ணும் 9-ஆல் வகுபட்டே தீர வேண்டும். பிழையான எண்ணில் கூட்டல் 44. அந்த இடத்திலேயே அகப்பட்டுவிட்டது.

ஆனால் இந்தக் காவல் எல்லாத் திருட்டையும் பிடிக்காது. இரண்டு இலக்கம் இடம் மாறினால் கூட்டல் மாறாது. ஒரு 9 விழுந்துவிட்டாலும் தெரியாது. அதற்குத்தான் இரண்டாவது காவல், 1001.

1001 = 7 × 11 × 13. இது மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு பெருக்கல் என்பேன். 1000 என்பது 1001-க்கு ஒன்று குறைவு. அதனால் எண்ணை வலமிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து, ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போனால், 7, 11, 13 மூன்றால் வகுக்கும்போது வரும் மீதியும் அந்தச் சின்ன விடையில் அப்படியே தங்கிவிடும்.

நம் எண்: 1 | 489 | 631 | 109 | 120 | 000
வலமிருந்து: 000 − 120 + 109 − 631 + 489 − 1 = −154

கழித்தல் குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் 154 = 2 × 7 × 11. ஆக நம் எண் 7-ஆலும் வகுபடும், 11-ஆலும் வகுபடும். 13-ஆல் வகுபடாது, ஏனென்றால் 154-ஐ 13-ஆல் வகுத்தால் 11 மிஞ்சும். பதினாறு இலக்க எண்ணை மூன்று பகா எண்களால் ஒரே வரியில் சோதித்துவிட்டோம். இதை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு உண்டான சந்தோஷம் இப்போதும் குறையவில்லை.

இலக்கம் இடம் மாறினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 631-ஐ 613 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இலக்கக் கூட்டல் அதே 45, முதல் காவல் விட்டுவிடும். இரண்டாவதைக் கூப்பிடுங்கள்: 0 − 120 + 109 − 613 + 489 − 1 = −136. 136-ஐ 11-ஆல் வகுத்தால் 4 மிஞ்சுகிறது. பிடிபட்டது. பக்கத்துப் பக்கத்து இலக்கம் மாறிய பிழை எதுவானாலும் 11 பிடித்துவிடும், ஒன்றும் தப்பாது. கையால் எண்களைப் படியெடுப்பவர்கள் அடிக்கடி செய்யும் பிழைகளில் அதுவும் ஒன்று.

படி 4: உடைக்கலாம்

பிறந்த கதை தெரியாது என்று வைத்துக்கொண்டு வெறும் எண்ணை மட்டும் பார்த்து உடைப்போம். படி 2-இல் எழுதியதை மூடி வையுங்கள்.

கடைசியில் நான்கு பூச்சியம். அதாவது 10-இன் நான்காம் அடுக்கு உள்ளே இருக்கிறது. அது 2⁴ × 5⁴. இவற்றை ஓரமாகக் குறித்துவிட்டு 148963110912-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இதன் கடைசி இலக்கம் 2, ஆகவே இனி 5 கிடையாது.

இப்போது பாதி பாதியாக்குங்கள்.

74481555456
37240777728
18620388864
9310194432
4655097216
2327548608
1163774304
581887152
290943576
145471788
72735894
36367947

பன்னிரண்டு முறை பாதியானது. கடைசியில் ஒற்றைப்படை வந்துவிட்டது. பூச்சியத்திலிருந்து வந்த நான்கையும் சேர்த்தால் 2¹⁶.

36367947-இன் இலக்கக் கூட்டல் 45. மூன்றால் வகுக்கலாம்: 12122649, 4040883, 1346961, 448987. கடைசி எண்ணின் கூட்டல் 40, ஆகவே நிறுத்துங்கள். நான்கு மூன்றுகள், 3⁴.

அடுத்து 7: 64141, 9163, 1309, 187. மறுபடியும் நான்கு முறை, 7⁴. மிஞ்சியது 187 = 11 × 17.

முடிந்தது. 1489631109120000 = 2¹⁶ × 3⁴ × 5⁴ × 7⁴ × 11 × 17.

இப்போது படி 2-ஐத் திறந்து ஒத்துப் பாருங்கள். 21, 7, 7, 14 ஒவ்வொன்றிலும் ஒரு 7. மொத்தம் நான்கு. 9-இல் இரண்டு 3, 21-இலும் 6-இலும் ஒவ்வொன்று. அதுவும் நான்கு. மும்மியில் வந்த 11, நாகவிந்தத்தில் வந்த 17. பேரேடும் குறிப்பேடும் ஒத்துவிட்டன.

படி 5: சேர்த்துப் பாருங்கள்

உடைத்ததோடு பலர் நிறுத்திவிடுவார்கள். எனக்கு இந்த எண்ணின் மேல் தீராத பிரியம் வந்தது இந்தப் படியில்தான்.

3, 5, 7 மூன்றுக்கும் அடுக்கு 4. 2-க்கு 16, அதுவும் நான்கின் மடங்கு. 2¹⁶ என்றால் 16-இன் நான்காம் அடுக்கு. ஆக 16 × 3 × 5 × 7 = 1680 என்று ஒன்றாகக் கட்டிவிடலாம்:

1489631109120000 = 1680⁴ × 187

சரிபாருங்கள். 1680 × 1680 = 2822400. அதன் வர்க்கம் 7965941760000. அதை 187-ஆல் பெருக்க, 200-ஆல் பெருக்கி 13 மடங்கைக் கழித்துவிடுங்கள்: 1593188352000000 − 103557242880000 = 1489631109120000. இம்மி பிசகவில்லை.

21, 11, 7, 9, 5, 6, 7, 17, 14, 20 என்று ஒழுங்கே இல்லாதது போலத் தெரிந்த பத்து எண்களுக்குள் இப்படி ஒரு நான்காம் அடுக்கு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

இதிலிருந்து இன்னொன்றும் உடனே கிடைக்கிறது. இந்த எண் முழு வர்க்கம் கிடையாது, 11-உம் 17-உம் ஒற்றையாக நிற்பதால். ஆனால் இன்னொரு 187-ஆல் பெருக்கிவிட்டால் வர்க்கமாகிவிடும். அதன் வர்க்கமூலம் 2822400 × 187 = 527788800.

படி 6: வகுத்திகளை எண்ணுதல்

ஒரு வகுத்தியை உண்டாக்க வேண்டுமானால் உள்ளே எத்தனை 2 போடுவது என்று முடிவு செய்ய வேண்டும். ஒன்றுமே போடாமல் இருப்பதிலிருந்து பதினாறு வரை, 17 வழி. 3-க்கு 5 வழி, 5-க்கு 5, 7-க்கு 5, 11-க்கு 2, 17-க்கு 2.

17 × 5 × 5 × 5 × 2 × 2 = 8500

எட்டாயிரத்து ஐந்நூறு வகுத்திகள். ஒவ்வொன்றையும் எழுதிப் பார்க்காமலே எண்ணிக்கை கையில் இருக்கிறது. 2-ஐ முற்றிலும் விட்டுவிட்டால் ஒற்றைப்படை வகுத்திகள் 500. வர்க்கமாக இருக்கும் வகுத்திகள் வேண்டுமானால் அடுக்குகள் எல்லாம் இரட்டையாக இருக்க வேண்டும்: 9 × 3 × 3 × 3 = 243.

பங்கு பிரிக்கும் ஊருக்கு இது எவ்வளவு தோதான எண் என்று பாருங்கள். இங்கே கோயில் செலவைப் புள்ளிக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று பிரிப்பது வழக்கம். இந்த எண்ணை 1 பேரிலிருந்து 12 பேர் வரை யாருக்கும் மிச்சமில்லாமல் பிரிக்கலாம். 13-இல் நின்றுவிடும். அப்புறம் 14, 15, 16, 17, 18 எல்லாம் சரியாகப் போகும். 19-இல் மறுபடியும் நிற்கும். 20, 21, 22 போகும். இருபத்திரண்டு வரையில் இரண்டே இரண்டு எண்கள்தான் இடறுகின்றன.

படி 7: வகுத்திகளின் கூட்டல்

ஒவ்வொரு பகா எண்ணுக்கும் 1-இலிருந்து அதன் கடைசி அடுக்கு வரை கூட்டி, வந்த விடைகளைப் பெருக்க வேண்டும்.

2-க்கு: 131071
3-க்கு: 1 + 3 + 9 + 27 + 81 = 121
5-க்கு: 1 + 5 + 25 + 125 + 625 = 781
7-க்கு: 1 + 7 + 49 + 343 + 2401 = 2801
11-க்கு 12, 17-க்கு 18

131071 என்பது 2¹⁷-க்கு ஒன்று குறைவு. அதுவே ஒரு பகா எண். இதை 1588-இலேயே இத்தாலியைச் சேர்ந்த கட்டால்டி கையால் வகுத்து உறுதி செய்தார். 121 என்பது 11-இன் வர்க்கம், 781 என்பது 11 × 71.

எல்லாவற்றையும் பெருக்கினால் 7493934226904136. நம் எண்ணைப் போல ஐந்து மடங்குக்கும் சற்று அதிகம். 6, 28 போன்ற நிறைவெண்களில் வகுத்திகளின் கூட்டல் எண்ணைப் போலச் சரியாக இரண்டு மடங்கு. அதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு செழிப்பான எண் என்று தெரியும்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பெருக்கலை எக்செல்லில் போட்டால் கடைசி 6 போய் அங்கே 0 நிற்கும். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. நோட்டில் போட்டது மாறாமல் இருக்கும்.

படி 8: ராமானுஜனின் அளவுகோல்

8500 வகுத்திகள் என்றதும் ஒரு கேள்வி எழ வேண்டும். இதைவிடச் சிறிய எண்ணுக்கு இத்தனை வகுத்திகள் இருக்க முடியுமா? தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-இல் நீண்ட கட்டுரை ஒன்று வெளியிட்டார். அப்படிப்பட்ட எண்ணில் பகா எண்கள் 2, 3, 5, 7, 11, 13 என்று இடைவெளியில்லாமல் வர வேண்டும் என்று அதில் காட்டியிருக்கிறார்.

நம் எண்ணில் 11-க்கு அப்புறம் 13 இல்லை, நேரே 17. அந்த 17-ஐ எடுத்துவிட்டு 13-ஐ வையுங்கள். அடுக்குகள் மாறவில்லை, ஆகவே வகுத்திகள் அதே 8500. ஆனால் எண் சிறிதாகிவிட்டது. எனவே நம் எண் அந்தப் பட்டியலில் சேராது. இரண்டு வரியில் நிரூபணமே முடிந்துவிட்டது. அந்த 13-ஐ நினைவில் வையுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

படி 9: 630001-ஐ உடைத்துப் பாருங்கள்

காரைக்குடியின் பின்கோடு 630001. ஆறே இலக்கம், நடுவில் பூச்சியங்கள், பார்க்கச் சாதுவான எண். உடைத்துப் பாருங்கள். 2, 3, 5, 7, 11, 13 ஒன்றும் போகாது. 17, 19, 23 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வந்து, 61-உம் போகாமல், பத்தொன்பதாவது பகா எண்ணான 67-இல்தான் வழிக்கு வரும்: 67 × 9403. 9403 பகா எண்ணா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரை, அதாவது 96 வரை, போனால் போதும். 67, 71, 73, 79, 83, 89 என்று ஆறு வகுத்தல். எதுவும் போகாது. பகா எண்தான்.

பதினாறு இலக்க எண்ணை 2, 3, 5, 7 என்ற சின்ன எண்களை வைத்துக்கொண்டே 187 வரை இறக்கிவிட்டோம். ஆறு இலக்க எண் 67 வரை இழுத்தடித்தது. உடைப்பதில் உள்ள சிரமம் எண்ணின் நீளத்தைப் பொறுத்தது மட்டுமில்லை, அது எந்தெந்தப் பகா எண்களால் கட்டப்பட்டது என்பதையும் பொறுத்தது.

1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் மூவரும் ஆர்எஸ்ஏ என்ற ரகசிய எழுத்து முறையை உருவாக்கியது இந்த உண்மையின் மேல்தான். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்கியதைப் பார்த்து அவற்றைத் திரும்பக் கண்டுபிடிப்பது கடினம். ஆர்எஸ்ஏ-250 என்ற 250 இலக்க எண்ணை 2020-இல்தான் உடைத்தார்கள், அதுவும் ஏகப்பட்ட கணினிகளை ஒன்றாக ஓட்டி. 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் வங்கி திறந்த ஊர்க்காரர்கள் நாம். இன்று இணையத்தில் பணம் போய் வரும்போது காவல் நிற்கும் பூட்டுகளில் ஒன்றும் இந்தப் பகா எண் கணக்குத்தான் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

படி 10: வரிசையின் கடைசி வரை

கதிர்முனைக்குக் கீழே இன்னும் நான்கு பெயர்கள் உண்டு.

கதிர்முனையை 40 ஆக்கினால் குரல்வளைப்படி, 59585244364800000
அதை 60 ஆக்கினால் வெள்ளம், 3575114661888000000
அதை 100 ஆக்கினால் நுண்மணல், 357511466188800000000
நுண்மணலை ஆறரை ஆக்கினால் தேர்த்துகள், 2323824530227200000000

குரல்வளைப்படியை நீங்களே உடைத்துப் பாருங்கள். வகுத்திகளின் எண்ணிக்கை 12000 வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். வெள்ளத்துக்கு 18480.

கடைசிப் படியில் வரும் ஆறரையைக் கவனியுங்கள். மற்ற எல்லாப் படியிலும் முழு எண், இங்கே மட்டும் பின்னம். ஆறரை என்றால் 13/2. ஒரு 2 குறைந்து ஒரு 13 உள்ளே வருகிறது. படி 6-இல் பங்கு போடும்போது இடறிய 13, படி 8-இல் இடைவெளியாக நின்ற அதே 13.

இருபத்திரண்டு இலக்கத் தேர்த்துகள் எண்ணை மூன்று மூன்றாகப் பிரித்து 1001 காவலைக் கூப்பிடுங்கள்:

2 | 323 | 824 | 530 | 227 | 200 | 000 | 000

0 − 0 + 200 − 227 + 530 − 824 + 323 − 2 = 0

பூச்சியம் என்றால் 7, 11, 13 மூன்றாலும் மிச்சமில்லை. விடுபட்டிருந்த 13-உம் வந்து சேர்ந்துவிட்டது.